ஞாயிற்றுக்கிழமை மட்டும் கெடும் ஃபேன்

போன வாரம் இஸ்ரவேல் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்கத் திருகாணிகள் பரவிக் கிடந்தபோது நாம் கிளம்பி வந்துவிட்டோம். மகன் பிரபினுடைய வீடியோ கேம் பெட்டியை அவர் கழற்றியிருந்தார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. அந்த வீட்டில் எதையும் யாரும் அவரிடம் கழற்றச் சொல்வதில்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அருமனைக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. மதிலுக்கு அந்தப் பக்கம் இஸ்ரவேல் வீடு. மதில் என் கழுத்து உயரம்தான். கழுத்துக்கு மேலே இருக்கிற கண்ணும் காதும் சும்மா இருக்க வேண்டுமென்றால், கட்டியவர்கள் இன்னும் இரண்டு வரி கல் வைத்திருக்க வேண்டும்.

இஸ்ரவேல் மஸ்கட்டில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்தவர். சூப்பர்வைசர் என்றால் மற்றவன் ஏணியில் ஏறும்போது கீழே நின்று மேலே பார்ப்பவர். பார்த்துப் பார்த்தே எல்லா வேலையும் படித்துவிட்டதாக அவருக்கு ஒரு நம்பிக்கை. ஊருக்குத் திரும்பியதிலிருந்து அந்த நம்பிக்கையை வீட்டின் மேல் பிரயோகித்து வருகிறார்.

இப்போது அங்கே குளியலறைச் சுவிட்சைப் போட்டால் அடுக்களையில் வெளிச்சம் வரும். ஹாலில் ஃபேன் சுவிட்சைப் போட்டால்தான் டி.வி. ஓடும். முன்வாசல் கேட்டை எண்ணெய் போட்டுச் சரியாக்கினார். அன்றிலிருந்து அது பாதிக்கு மேல் திறப்பதில்லை. யார் போனாலும் ஒருவர் பின் ஒருவராக, பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும்.

வயரிங், பைப்பு, வெல்டிங் மூன்றுக்கும் எங்கள் பகுதியில் ரதீஷ்தான். அவன் ஒருமுறை அந்த வீட்டு மீட்டர் பலகையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டான். இனி இந்தப் படி ஏறக்கூடாது என்று இஸ்ரவேல் சொல்லிவிட்டார். அவனும் ஏறவில்லை.

மனைவி செல்லபாய் சபையின் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுகிற ஆல்டோ வரிசைக்குத் தலைவி. அதிகாலையில் கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு, அதன் இரைச்சலையே சுருதியாகப் பிடித்துப் பாடிப் பழகுவாள். இஸ்ரவேல் ஒருநாள் மோட்டாரைக் கழற்றி மாட்டினார். இரைச்சல் அரைக்கட்டை இறங்கிவிட்டது. செல்லபாயும் இறங்கினாள். அவளை நம்பிய ஆல்டோ வரிசை முழுவதும் பின்னாலேயே இறங்கியது. கீபோர்டு வாசிக்கிற பிரபின் அம்மாவிடம் போய் இதைச் சொல்வானா? ஒரு பொத்தானை அமுக்கிக் கீபோர்டையும் அரைக்கட்டை இறக்கிக்கொண்டான். மேல்குரலில் சோப்ரானோ பாடுகிற செல்லத்தாய் மட்டும் இறங்க மறுத்துப் பழைய உயரத்திலேயே நிற்கிறாள். இரண்டு பெண்களும் ஆராதனையில் கைகொடுத்துச் சமாதான வாழ்த்து சொல்லும் நேரத்தில்கூட விரல் நுனியை மட்டும்தான் தொட்டுக்கொள்கிறார்கள்.

இனி மகள் பெர்லின். இந்தக் கதையின் முள் அவள்தான்.

இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால், அப்பா பேசி முடித்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போனாள். கல்யாண அட்டை அச்சாகி வந்திருந்தது. கிளம்பும்போது, இனி எனக்கு போன் பண்ணக்கூடாது என்றார் இஸ்ரவேல். அவளும் பண்ணவில்லை, அப்பாவின் மகள் அல்லவா. அம்மாவிடம் தினமும் பேசுவாள். செல்லபாய் போனை அவர் பக்கம் நீட்டினால், குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று எழுந்து போய்விடுவார்.

அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவள் அங்கேயும் இவன் இங்கேயும் உட்கார்ந்து ஒரே கால்பந்தாட்டத்தை வீடியோ கேமில் ஆடுவார்கள். பெர்லின் நிஜப் பந்தும் ஆடினவள், காலேஜ் அணியில். முதல் பூட்ஸ் மஸ்கட்டிலிருந்து வந்தது. உலகக் கோப்பை வந்தால் எங்கள் பக்கத்தில் ஜங்ஷனுக்கு ஜங்ஷன் பிளெக்ஸ் நிற்கும். இஸ்ரவேல் வீட்டு மொட்டை மாடியில் அப்பாவும் மகளும் சேர்ந்து அர்ஜென்டினாக் கொடி கட்டுவார்கள். அவள் போன பிறகு அந்தக் கொடி கீழே இறங்கி, மோட்டார் மேல் மழைக்கு மூடுகிற துணியாயிற்று. வீட்டில் வேறு சாக்கு இல்லாமல் இல்லை.

முதலில் பிரபின் தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடுவான். அவன் பேசுவது மட்டும் கேட்கும், அவள் பேசுவது கேட்காது. ஒருநாள் இஸ்ரவேல், அவன் கையில் பிடித்து ஆடுகிற கருவியில் ஹெட்போன் சொருகுகிற ஓட்டையைத் தூசி தட்டிச் சுத்தம் செய்தார். அன்றோடு ஓட்டை செத்தது. பெர்லினுடைய குரல் டி.வி. வழியாக ஹால் முழுக்க வர ஆரம்பித்தது. மதில் தாண்டி எங்கள் அடுக்களை வரைக்கும் வந்தது.

அதே மாதத்திலிருந்துதான் ஹால் ஃபேன் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மட்டும் கெடத் தொடங்கியது. இஸ்ரவேல் ஸ்டூல் போட்டு ஏறி, டெஸ்டரும் கையுமாக நிற்பார். ஆட்டம் முடிந்தால் இறங்குவார். இதைக் கவனித்தது நான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னேன், இரண்டு மூன்று பேரிடம்தான்.

பெட்டியைக் கழற்றுவதற்கு முந்தின ஞாயிறு பெர்லினுடைய குரல் விட்டு விட்டு வந்தது. பெட்டிக்குள் தூசி என்று முடிவுகட்டி, சனிக்கிழமை அதைக் கழற்றினார். போன வாரம் நாம் பார்த்த திருகாணிகளின் கதை இதுதான்.

ஒன்று மட்டும் போன வாரம் நம் கண்ணில் படவில்லை. பெட்டியைப் பாதி மாட்டியதும் கரண்ட் போய்விட்டது. எறும்பு ஏறக்கூடாதே என்று அதை ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்து, டேப் ஒட்டி, மேசைக்கு அடியில் தள்ளினார். அந்த அட்டைப் பெட்டி, செல்லபாய் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கை வைக்க வாங்கிய புது மிக்சியினுடையது. மிக்சி எங்கே என்று கேட்கிறீர்களா? வாங்கின பொருளை ஒருதரம் கழற்றிப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு கொள்கை. அது பின்பக்க ஷெட்டில் கழன்று கிடந்தது.

ஞாயிறு விடிந்தது. சபையில் விளைச்சலைக் காணிக்கை வைக்கிற அறுப்பின் பண்டிகை. செல்லபாய் மேசைக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்தாள். கர்த்தருக்குப் போகிற பொருளுக்கு அவர் இவ்வளவு டேப் ஒட்டியிருக்கிறாரே என்று அவளுக்குச் சந்தோஷம்கூட வந்ததாம். ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோய்விட்டாள்.

*

நான் அந்தச் சபை இல்லை. ஆனாலும் ஆராதனை முடிந்து நடக்கிற ஏலத்துக்கு வருஷம் தவறாமல் போவேன். நாட்டுக்கோழி அங்கேதான் நியாயமாகக் கிடைக்கும். கோழியைவிட நல்லதாகச் சில விஷயங்களும் கிடைக்கும்.

பந்தலுக்குக் கீழே ஏத்தன் வாழைக் குலை, மட்டி வாழைக் குலை, மரச்சீனிக் கிழங்கு, சக்கை என்கிற பலாப்பழம், ரப்பர் ஷீட், கேக், முட்டை எல்லாம் குவிந்திருந்தன. இந்த ஏலத்துக்கு இரண்டு சட்டம் உண்டு. காணிக்கையாக வைத்ததைத் திரும்பக் கேட்கக்கூடாது. வேண்டுமென்றால் ஏலத்தில் எடுக்க வேண்டும். இரண்டாவது, எடுத்தவர்கள் கொஞ்சம் வசதியானவர்களாக இருந்தால், எடுத்ததை அங்கேயே மறு ஏலத்துக்குத் திருப்பிக் கொடுத்துக் கைதட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே சேவல் ஐந்து பேர் கைக்குப் போய்த் திரும்பி, கடைசியில் யாருடையது என்று அதற்கே தெரியாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

மைக் ரெனிஷ் கையில். வாலிபர் சங்கத்துக்காரன். மிக்சிப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

"செல்லபாய் மாமி வச்ச காணிக்கை. புது மிக்சி. பெட்டி பிரிக்கல்ல, கேட்டியளா. இதுல தேங்காயும் மொளகும் அரைச்சா சம்மந்தி வெண்ணெய் மாதிரி வரும்."

பின் வரிசையில் உட்கார்ந்திருந்த இஸ்ரவேல் நிமிர்ந்தார். உலகத்தில் வேறு யாரும் ஒரு பெட்டிக்கு அப்படி டேப் ஒட்ட மாட்டார்கள். நீளவாக்கில் மூன்று, குறுக்கே மூன்று, மூலைக்கு மூலை பெருக்கல் குறி.

அவர் முகத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு இடத்தில்தான் நான் கோழியோடு நின்றிருந்தேன். தற்செயலாகத்தான். எழுந்து, பெட்டிக்குள் மிக்சி இல்லை என்று சொல்ல முடியாது. சொன்னால் செல்லபாய் காலிப் பெட்டியைக் காட்டிக் கர்த்தரை ஏமாற்றினவள் ஆகிவிடுவாள், அதுவும் செல்லத்தாய்க்கு முன்னால். சொல்லாமல் இருந்தால் நாலு மணிக்கு டி.வி.யில் குரல் வராது. மனுஷர் கைக்குட்டையை எடுத்தார், மடித்தார், வைத்தார்.

செல்லத்தாய் ஏலத்தை ஆரம்பித்தாள். இஸ்ரவேல் எழுந்து நின்று கையை உயர்த்தினார். முட்டைக்குக்கூட ஏலம் கேட்காத மனுஷர். பந்தலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்லத்தாய் நூறாக ஏற்றினால் இவர் ஐந்தாக ஏற்றினார். சிரிப்பு எழுந்தது. பாடகர் வரிசையிலிருந்து செல்லபாய் கண்ணாலேயே அவரைக் கீழே உட்கார வைக்கப் பார்த்தாள். கடை விலையை நெருங்கினதும், இத்தனை வருஷத்துச் சிக்கனம் அவருடைய கையைப் பிடித்துவிட்டது. கை அரைவாசியில் நின்றது.

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். பெட்டி செல்லத்தாய்க்கு.

இஸ்ரவேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்கு அட்டையைத் திருப்பிக் கொடுத்த அன்றுகூட நான் அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

ஆனால் செல்லத்தாய்க்குக் கைதட்டு வேண்டியிருந்தது. செல்லபாய் வைத்ததை வாங்கி, செல்லபாயைவிடப் பெரிதாக வைக்கிற சந்தர்ப்பம் எப்போதும் வருமா? மைக்கை வாங்கினாள். மறு ஏலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு எல்லாம் கர்த்தர் தந்திருக்கிறார் என்றாள், ஆல்டோ வரிசையைப் பார்த்துக்கொண்டே.

ரெனிஷ் மிக்சி என்று சொல்லி முடிப்பதற்குள் இஸ்ரவேல் எழுந்துவிட்டார். செல்லத்தாய் கடைசியாகக் கேட்ட தொகையை அப்படியே இரட்டித்துச் சொன்னார். பந்தலில் கோழிகள்கூட அடங்கின. அந்தப் பணத்துக்கு மார்த்தாண்டத்தில் மூன்று மிக்சி வாங்கலாமே என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

பெண்கள் பக்கம் ஒரு பெருமூச்சு பரவியது. பெண்டாட்டி வைத்த காணிக்கையை இவ்வளவு கொடுத்து மீட்டு அவளுக்கே தருகிற ஆம்பிளை யாருக்குக் கிடைப்பான்? எனக்குப் பக்கத்தில் நின்றவள் தன் புருஷனை ஒரு மாதிரி பார்த்தாள். அவர் சக்கையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெனிஷ் வழக்கப்படி மைக்கை நீட்டினான். "மாமா, மறு ஏலத்துக்கு வைக்கலாம்லா?"

கை தட்டுவதற்கு எல்லாரும் தயாராகிவிட்டார்கள். சிலர் தட்டியும்விட்டார்கள். இஸ்ரவேல் பெட்டியைப் பிள்ளையைப் போல நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார்.

"இல்ல மக்கா. இது எனக்கு வேணும்."

"மிக்சியா?"

"மிக்சிதான்."

ஏலம் முடிந்து பாடின கடைசிப் பாட்டில் செல்லபாய் வெட்கமும் பெருமையுமாக எழுந்து நின்றாள். சந்தோஷத்தில் மோட்டாரை மறந்துவிட்டாள் போலிருக்கிறது. குரல் அரைக்கட்டை ஏறிப் பழைய இடத்துக்குப் போனது. ஆல்டோ வரிசை பதறிப்போய்ப் பின்னாலேயே ஏறியது. பிரபின் பாட்டின் நடுவிலேயே பொத்தானைத் தேடினான். எத்தனையோ மாதம் கழித்து அன்றுதான் செல்லத்தாயும் செல்லபாயும் ஒரே சுருதியில் பாடினார்கள். இரண்டு பேருக்குமே அது பிடிக்கவில்லை.

*

கேட் பாதிதான் திறக்கும் என்று சொன்னேனே. பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு இஸ்ரவேல் பக்கவாட்டில் நுழைந்தார். செல்லபாய் பின்னாலேயே. அவளுக்குப் பின்னால் நான். கோழியைக் கட்டக் கயிறு இரவல் வாங்க வேண்டியிருந்தது.

மேசையில் பெட்டியை வைத்ததும் செல்லபாய் அருமையாக ஒரு பார்வை பார்த்தாள். இவ்வளவு செலவு எனக்காக எதற்கு என்று கேட்டுக்கொண்டே டேப்பைக் கிழித்தாள். உள்ளே கறுப்பாக ஒன்று இருந்தது.

"இதென்னது?"

"பிரபினுக்க கேமு."

"அப்போ மிக்சி?"

"ஷெட்டுல கெடக்கு. சும்மா ஒண்ணு கழட்டிப் பாத்தேன்."

செல்லபாய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அப்போ நான் கர்த்தருக்கு வீடியோ கேமா குடுத்தேன்?"

"அதான் திரும்ப வாங்கியாச்சுல்லா."

கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்த பிரபின் விஷயத்தைக் கேட்டு உருகிப்போனான். தன்னுடைய கேமுக்காக அப்பா அவ்வளவு பணம் கொடுத்தாரா? நன்றி சொல்ல வாயெடுத்தான். வாயைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஒயரை மாட்டு, நாலு மணி ஆகப்போகிறது என்றார் இஸ்ரவேல். மாட்டி முடித்தபோது ஒரு திருகாணி மிஞ்சியது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூடி ஆடாமல் இருக்க, முன்பக்கம் முழுக்கப் பழுப்பு டேப்பைச் சுற்றினார். பெட்டியில் எரிகிற சின்ன விளக்கும் டேப்புக்குள் போய்விட்டது. அதைப் பற்றி யாரும் அப்போது யோசிக்கவில்லை. நானும்தான்.

நாலு மணிக்குக் கயிற்றைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

ஹாலில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. நீலவெள்ளைச் சட்டை பெர்லின், மஞ்சள் பிரபின். அவன் சோபாவில், கருவி கையில். ஸ்டூல் மேல் இஸ்ரவேல், டெஸ்டர் கையில், ஃபேன் மூடி திறந்து கிடக்க. செல்லபாய் சாயா போடப் போனவள் அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அந்த நேரத்தில் அவள் பெண்கள் சங்கக் கூட்டத்தில் இருப்பாள். பண்டிகையால் கூட்டம் இல்லாத அன்றைக்குத்தான், ஃபேன் எப்படிக் கெடுகிறது என்பதைப் பார்க்கிறாள்.

டி.வி.யிலிருந்து பெர்லின் பேசினாள். அங்கே மழை, டியூட்டி மாறிவிட்டது, இன்றைக்கு ஒரே ஒரு ஆட்டம்தான், அப்புறம் பஸ் பிடிக்க வேண்டும். குரல் இன்றைக்கு விட்டு விட்டு வரவில்லை. தூசிதான் காரணம் என்கிற மாதிரி ஸ்டூலில் இருந்தவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஆட்டம் எனக்குப் புரியாது. ஆனால் இஸ்ரவேலை எனக்குப் புரியும். பிரபினுடைய ஆட்கள் இடது பக்கம் காலியாக விட்டால் மேலேயிருந்து ஒரு இருமல் வரும். அடுத்த நிமிஷம் பெர்லினுடைய பந்து இடது பக்கமாகவே வரும். இரண்டு தரம் இது நடந்ததும் பிரபின் நிமிர்ந்து பார்த்தான். அவர் ஃபேன் இறக்கையைத் துடைத்தார்.

பெர்லின் கோல் போட்டாள். டெஸ்டர் கீழே விழுந்தது. பிரபின் எடுத்துக் கொடுத்தான்.

"லேய் பிரபினே, அந்த ஃபேன் இன்னும் நேராகல்லியா?" என்றாள் டி.வி.யிலிருந்து பெர்லின்.

"இல்ல."

"எத்தனை மாசமாட்டு?"

அவன் ஸ்டூலைப் பார்த்தான். பந்து யாரும் தொடாமல் உருண்டு வெளியே போனது.

"அப்பா, அந்த ஃபேனுக்கு ஒண்ணும் இல்ல. எறங்குங்க. ஒரு காரியம் பறையணும்."

இரண்டு கிறிஸ்துமஸ் கழித்து அவரைப் பார்த்து வந்த முதல் வார்த்தை. இஸ்ரவேல் திடுக்கிட்டார். ஃபேன் சுவிட்ச் போட்டிருந்தால்தான் டி.வி. ஓடும் என்பது அவருடைய சொந்த ஏற்பாடு. அப்படியென்றால் அவர் கையில் பிடித்திருந்த ஒயரிலும் கரண்ட் இருந்தது. டெஸ்டர் எங்கேயோ பட்டது. பட் என்று ஒரு சத்தம், ஒரு பொறி. டி.வி. இருண்டது. ஸ்டூல் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

ஆளுக்கு ஒன்றுமில்லை. உட்கார்ந்தபடியே டி.வி.யைத்தான் பார்த்தார்.

பிரபின் கருவியைச் சோபாவில் போட்டுவிட்டுப் பலகைக்கு ஓடினான். ஒரு சுவிட்சைத் தட்டினால் காலிங் பெல் அடித்தது. இன்னொன்றைத் தட்டினால் கிணற்று மோட்டார் ஓடியது. டி.வி. மட்டும் வரவில்லை. செல்லபாய் மகளுக்கு போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பக்கத்து அறையில் கிடக்கிற போன் எப்படிக் கேட்கும்? அவளுக்கு பஸ் வேறு இருக்கிறது.

அப்போதுதான் இஸ்ரவேல் அதைச் சொன்னார்.

"பிரபினே, ரதீஷை விளி."

செல்லபாய் காதில் வைத்திருந்த போனை இறக்கினாள். யாரை என்று கேட்டாள். ரதீஷை என்று மறுபடியும் சொன்னார். பிரபின் கேட்டைத் தாண்டி ஓடினான், பக்கவாட்டில்.

செல்லபாய் ஸ்டூலை நிமிர்த்தி அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். நான் இருப்பதை இரண்டு பேரும் மறந்திருந்தார்கள். நானும் நினைவுபடுத்தவில்லை.

"நீங்க ஃபேனா நேராக்குனிய இத்தனை நாளும்? ஒரு ஞாயிறு போனா என்ன? ராத்திரி போன்ல பேசப்பிடாதா?"

"போன்ல எப்பிடிட்டி பேசுவேன்? விளிக்கப்பிடாதுன்னு பறஞ்சது நான்லா. எடுத்து ஹலோன்னு சொன்னா அதுக்குப் பெறவு என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியாது." நெற்றியைத் துடைத்தார். "இதுல ஒண்ணும் சொல்லண்டாம். ஃபேனைப் பாத்துட்டு நிக்கலாம். அவளுக்க சத்தம் அதுபாட்டுக்கு வரும்."

"அந்த ஹெட்போன் ஓட்டை?"

"பல்குச்சி. உள்ள வச்சு ஒடிச்சு விட்டேன். இல்லன்னா அவன் ஒருத்தன்தானே கேட்டுட்டு இருப்பான்."

செல்லபாய் சிரிக்கப் போனாள் என்றுதான் நினைத்தேன். சேலைத் தலைப்பை எடுத்து அவருடைய நெற்றியை அவளே துடைத்துவிட்டாள். ஆல்டோக்காரி இவ்வளவு மெதுவாகப் பேசுவாள் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. "அட்டை அடிச்சா என்ன? அவ வேண்டாம்னு சொன்னது அந்தப் பையனைத்தானே. உங்களையா சொன்னா?"

"இல்லதான்," என்றார் இஸ்ரவேல். "அது அப்பமே தெரியும்."

ரதீஷ் வந்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டில் நுழைந்து, படியில் ஏறாமல் நின்றான். இஸ்ரவேல் எழுந்து போய் அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். அவன் மீட்டர் பலகையைத் திறந்தான். பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

"அண்ணாச்சி, இது ஆரு செய்த ஒயரிங்?"

"சிரிக்கணும்னா பெறவு சிரி மக்கா. இப்பம் டி.வி.யைக் கொண்டுவா."

ரதீஷ் இரண்டு ஒயரைப் பிடுங்கினான், ஒன்றை மாற்றினான். போனது ஃபேன் லைன் மட்டும்தான் என்றான். டி.வி. அதில் தொங்குகிறது, அதனால்தான் அதுவும் போனது.

"நெட்டும் இந்தப் பெட்டியும் இன்வெர்ட்டர் லைன்லல்லா கெடக்கு. அது அணையவே இல்லியே."

எல்லாரும் பெட்டியைப் பார்த்தோம். பிரபின் போய் டேப்பை உரித்தான். சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சோபாவில் அவன் போட்டுவிட்டுப் போன கருவியிலும் எரிந்தது. உள்ளேயே மைக் இருக்கிற, பேசினால் அயர்லாந்து வரைக்கும் கொண்டுபோகிற கருவி. செல்லபாயும் இஸ்ரவேலும் அதற்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துதான் அத்தனையும் பேசியிருந்தார்கள்.

டி.வி. வந்தது. புல்வெளியில் நீலவெள்ளை ஆட்களும் மஞ்சள் ஆட்களும் விட்ட இடத்திலேயே நின்றார்கள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"பெர்லினே?" என்றான் பிரபின்.

"எவ்வளவு விளிச்சேன் தெரியுமா? ஒருத்தருக்கும் கேக்கல்ல." மறுபடியும் ஒரு உறிஞ்சல். "எனக்கு எல்லாம் கேட்டுது. பல்குச்சி வரைக்கும்."

இஸ்ரவேல் டி.வி.யைப் பார்க்கவில்லை, ஃபேனைப் பார்த்தார். ரதீஷ் அதையும் போகிற போக்கில் மாட்டிவிட்டிருந்தான். அது முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. இனி அதில் பார்க்க ஒன்றுமில்லை. மெல்ல வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மோளே," என்றார். "இடது பக்கம் நல்லா ஆடுன."

அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"டிசம்பர்ல வாறேன் அப்பா. அதைப் பறையத்தான் எறங்கச் சொன்னேன். பெறவு, நான் மட்டும் இல்ல."

அவளுக்குப் பின்னால், அயர்லாந்தில், யாரோ இருமினார்கள். ஆம்பிளை இருமல். செல்லபாய் டி.வி.க்குப் பக்கத்தில் போய், அது யார் மோளே என்று கேட்டாள். நானும் ஒரு அடி முன்னால் வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு அம்மா, மீதியை அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றாள் பெர்லின். நீலவெள்ளை ஆட்கள் மறைந்தார்கள்.

மூன்று பேரும் இஸ்ரவேலைப் பார்த்தார்கள். என்னையும் சேர்த்தால் நான்கு. அவர் சட்டைப் பையில் கை விட்டு, மிஞ்சிய திருகாணியை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போனார். பாதி திறந்து நின்ற கேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரதீஷ் கிளம்பியபோது அவர் கூப்பிட்டார்.

"மக்கா ரதீஷு, வெல்டிங் மெஷினைக் கொண்டுட்டு வந்து நாளைக்கு இந்த கேட்டை ஒண்ணு பாரு. டிசம்பருக்குள்ள ரெண்டு பேரு சேந்தாப்புல வாற மாதிரி ஆக்கணும்."